மைனஸ் ஒண்ணு, சைபர், சைபர்

என் அக்கா வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆள் என்று யாராவது கேட்டால், நான் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைத்தான் சொல்வேன். அது பத்து நிமிடம் பின்தங்கி ஓடியது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பி வைப்போம். மாமாவும் ஸ்டூல் போட்டு ஏறினார். முள்ளைத் தொடவில்லை. கடிகாரத்துக்குக் கீழே ஓர் அட்டையை ஒட்டினார். அதில் 'பத்து கூட்டவும்' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. இரண்டு வருடம் கழித்து அது இருபது நிமிடம் பின்தங்கியது. மறுபடி ஸ்டூல். முதல் அட்டைக்குக் கீழே இன்னோர் அட்டை: 'மேலும் பத்து'.

மாமாவுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. இருபத்தாறு வருடமாக மாடிக் கட்டிடங்களின் தலையில் உட்கார்ந்து கம்பிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிறார். லிஃப்டில் ஒரு பக்கம் பெட்டி ஏறும்போது மறுபக்கம் அதற்கு ஈடான இரும்பு எடை இறங்கும். "அவ்ளோதாம்மா உலகம். ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் ஒண்ணைத் தொங்க விடணும்" என்பார். சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீடு முழுக்கத் தொங்க விட்டார். சமையலறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கீலைச் சரி செய்யாமல் தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் கட்டிக் கதவை இழுத்து நிறுத்தினார். பாட்டில் போகிற வருகிறவர் நெற்றியில் இடித்தது. பாட்டிலுக்குப் பஞ்சு உறை தைத்துப் போட்டார். பீரோவுக்கு ஒரு கால் குட்டையானது. மற்ற மூன்றையும் அறுத்தார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஒத்துக்கொள்கிறேன். என் தொழில் அப்படி. பழுதான கணினிகளைச் சரி செய்யும் கடை வைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று தோண்டி, தப்பைப் பிடுங்கி எறிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். தப்பின் மேல் இன்னொரு தப்பை ஏற்றி உட்கார வைக்கிறவரைப் பார்த்தால் கை பரபரக்கும். ஆனால் மாமா நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லையே. கெட்டவராக இருந்தால் வாய்விட்டுத் திட்டியிருப்பேன்.

அக்கா தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் ஆவண அறையில் இருக்கிறாள். ஒன்பது வருடம் தற்காலிகமாகத்தான் இருந்தாள். பழைய கோப்புகளைத் தூசி தட்டி, கட்டுப் போட்டு, கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கணினித் தேர்வில் தேற வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. தேர்வு அடுத்த மாதம் என்றார்கள், தள்ளிப் போட்டார்கள். இப்படி நாலு தடவை. அந்த அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகிறவை என்பதால், நான் என் கடையில் கிடந்த ஒரு பழைய கணினியில் லினக்ஸை ஏற்றி, "வீட்டுல பழகிக்கோ" என்று கொடுத்துவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்த பாவம்.

நாலு வருடம் ஓடிப் போயிற்று. நான் எப்போது போனாலும் மாலையில்தான் போவேன். கணினி உள்ளறையில் துணி போர்த்திக் கிடக்கும். "எப்படி மாமா ஓடுது?" என்றால் "ஜம்முனு ஓடுது" என்பார். தினமும் காலையில் அரை மணி நேரம் பழகுகிறாள் என்று அக்காவும் சொன்னாள். அவள் தொட்ட ஒரே கணினி அதுதான். நானும் நம்பினேன்.

போன வருடம் உண்மையாகவே கடிதம் வந்துவிட்டது. தேதி, இடம், இருக்கை எண் எல்லாம் அச்சடித்து. கடைசி வாய்ப்பு என்றும் அதில் இருந்தது. தேறாதவர்களின் தற்காலிகப் பணி அந்த மாதத்தோடு முடியும். அக்கா ஃபோனில் மூச்சு வாங்கினாள்.

"சின்னவளே, காலையில ஒரு எட்டு வந்து பாரேன். நான் அடிக்கிறது சரியான்னு சொல்லு. இது போச்சுன்னா நாப்பத்தேழு வயசுல எனக்கு யாருடி வேலை குடுப்பா?"

மறுநாள் ஏழரை மணிக்கு உள்ளறையில் நின்றேன். அக்கா துணியை விலக்கினாள். மானிட்டர் சுவரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி பெயர் மேலே, தலைகீழாக. பச்சை விளக்கும் மேலே. ஆனால் படம் மட்டும் நேராகத் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினாள். கட்டளை தட்டுகிற கறுப்புப் பெட்டி திறந்தது. கணினியில் செருகியிருக்கும் சாதனங்களைப் பட்டியல் போடச் சொல்லி ஒரு வரி தட்டினாள். பட்டியலில் மௌஸுக்கு எதிரே ஓர் எண் விழுந்தது. பிறகு குளியலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஏங்க!"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. மாமாவின் குரல் எதிரொலித்தது.

"இன்னைக்கு எத்தனை?"

"பதினொண்ணு!"

"நேத்து பன்னெண்டுல இருந்துச்சே?"

"வீடு கூட்டும்போது ஒயரு கழண்டுச்சு, வேற ஓட்டைல சொருகினேன்!"

"கை பத்திரம்! சரி, அடி. பதினொண்ணு போட்டாச்சா? மைனஸ் ஒண்ணு, சைபர், சைபர். சைபர், மைனஸ் ஒண்ணு, சைபர். சைபர், சைபர், ஒண்ணு. தட்டு!"

அக்கா தட்டினாள். பிறகு மௌஸை எடுத்து, அதன் வால் தன் வயிற்றைப் பார்க்கும்படி திருப்பி வைத்து, முதுகில் விரல்களைப் பரப்பி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் பொத்தானை அமுக்கினாள். கோப்பு திறந்தது. படு வேகம்.

"என்னடி இது கூத்து?" என்றேன்.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து வரலாறு சொன்னார். மானிட்டரின் மின்வயர் குட்டை; பிளக் பாயின்ட் உயரத்தில் இருந்தது. நீள வயர் வாங்காமல் மானிட்டரைத் தலைகீழாக மாட்டினார். வயர் எட்டியது, படம் கவிழ்ந்தது. படத்தைத் திருப்பிக் காட்டும்படி கணினிக்குச் சொன்னார். அந்தப் பழைய கிராபிக்ஸ் அட்டையின் டிரைவர், அதாவது அட்டையையும் கணினியையும் பேச வைக்கிற நிரல், படத்தைத் திருப்பியது. மௌஸுக்கு மட்டும் சேதி சொல்லவில்லை. கையை மேலே கொண்டு போனால் அம்பு கீழே போயிற்று. மாமா இணையத்தில் ஒரு வாரம் தேடி, மௌஸைத் தலைகீழாக்கும் அந்த ஒன்பது எண்களைக் கண்டுபிடித்தார். எல்லாம் நேரானது. கணினியை நிறுத்தினால் அந்த வரி மறந்து போகும் என்பதால் தினமும் காலையில் தட்ட வேண்டும்.

"அதோட விட்டிருக்கலாமே, மௌஸை ஏன் திருப்பினீங்க?"

"அதுவா? மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் அந்த டிரைவரு தானா புதுசாயிடுச்சு. மறுநாள் அம்பு மறுபடி எதிர்ப்பக்கம் ஓடுது. என்னடா பண்றதுன்னு பார்த்தேன். மௌஸைத் திருப்பி வெச்சேன். சரியாப் போச்சு."

நான் கணினியை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். அந்த வரியைத் தட்டவில்லை. மௌஸை உலகத்தார் பிடிக்கிற மாதிரி பிடித்தேன். அம்பு ஒழுங்காகப் போயிற்று. மேலே என்றால் மேலே, வலது என்றால் வலது. புது டிரைவர் மௌஸுக்கும் சேதி சொல்ல ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கே இந்த வீட்டில் கோளாறு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இவர்கள் தினமும் காலையில் பாடுபட்டு ஒரு கோளாறை உண்டாக்கி, அதை இன்னொரு கோளாறால் ஈடு செய்துகொண்டிருந்தார்கள்.

"மாமா! உங்க வரி ஒரு தப்பு, திருப்பி வெச்ச மௌஸ் ஒரு தப்பு. ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிச்சு. மூணு வருஷமா ரெண்டையுமே செய்யாம சும்மா இருந்திருந்தாலே போதும்!"

மாமா முகம் மலர்ந்தது. "பார்த்தியா, எவ்ளோ கரெக்டா சமமா நின்னுருக்கு!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். தேர்வுக் கூடத்தில் மௌஸ் எல்லோருக்கும் போல இருக்கும். அங்கே போய் வாலை வயிற்றுப் பக்கம் திருப்பினால் அக்காவின் வேலை அதோகதிதான் என்று கத்தினேன். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அன்றைக்கே நீள வயர் வாங்கி வந்து மானிட்டரை நேராக மாட்டி, படத்தைத் திருப்பும் ஏற்பாட்டையும் எடுத்துவிட்டேன். கிளம்பும்போது ஒரு சந்தேகம் வந்தது.

"ஏன் மாமா, அந்த வரியை ஒரு ஃபைல்ல எழுதி வெச்சா கம்ப்யூட்டர் கிளம்பும்போதே தானா ஓடுமே. தினமும் குளிக்கிற இடத்துல இருந்து கத்த வேண்டாமே. இவ்ளோ தேடினவருக்கு இது தெரியலையா?"

"தெரியும்."

"பின்ன?"

மாமா கடிகாரத்தைப் பார்த்து, மனதுக்குள் இருபது கூட்டி, வேலைக்கு நேரமாயிற்று என்று சட்டையை மாட்டினார்.

அடுத்த பன்னிரண்டு நாளும் நரகம். தினமும் காலையில் நான் போய் நிற்பேன். அக்கா மௌஸை நேராகப் பிடிப்பாள், அம்பு போகும், பொத்தானை அமுக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அடியைக் கொண்டு குத்துவாள். அங்கே பொத்தான் இல்லை. விரல்கள் இரண்டும் முன்னால் சும்மா விறைத்துக்கொண்டு நிற்கும். "விரலு, விரலு!" என்று நான் கத்துவேன். மௌஸின் பின்பக்கத்தில் சோடா மூடி ஒன்றை மல்லாக்க ஒட்டினேன், குத்தினால் வலிக்கட்டும் என்று. உள்ளங்கையில் வட்ட வட்டமாகத் தழும்புதான் மிச்சம். மாமா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "மேசைக்கு அந்தப் பக்கமா உக்காந்து பார்த்தா என்ன?" என்றார். நான் பார்த்த பார்வையில் மனிதர், பாட்டில் நெற்றியில் இடிப்பதைக்கூடக் கவனிக்காமல் சமையலறைக்குள் ஓடிப் போனார்.

ஒரு விஷயத்தை அப்போதே கவனித்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. அந்த வீடு அமைதியாகிவிட்டது. மகன் வேலை கிடைத்து வெளியே போன பிறகு அங்கே பேச்சு என்பதே குறைவு. மாமா வாய் திறக்காத சாதி. அக்கா கேட்டால்தான் பதில் சொல்கிற சாதி. இருபத்திமூன்று வருடக் குடித்தனத்தில் 'சாவி எங்க', 'கேஸ் தீர்ந்துருச்சு' தவிர மற்றதெல்லாம் பேசி முடித்தாயிற்று. இப்போது காலையில் மாமா குளித்துவிட்டு வருவார், உள்ளறை வாசலில் ஒரு நிமிடம் நிற்பார், யாரும் எதுவும் கேட்காததால் போய்விடுவார்.

பன்னிரண்டாம் நாள் அக்கா ஓரளவு தேறியிருந்தாள். பத்துக்கு ஏழு தடவை விரலால் அமுக்கினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

தேர்வு ஒரு பயிற்சி நிலையத்தின் தரைத்தளத்தில் நடந்தது. மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே இருபது கணினிகள், இருபது பேர். கடிதம் அடித்து, சரியான இடத்தில் சேமித்து, அதற்கு ஒரு நகல் எடுத்து, அச்சுக்கு அனுப்ப வேண்டும். அரை மணி நேரம். நானும் மாமாவும் வெளியே மூடியிருந்த கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். அக்காவின் முதுகும் அவள் திரையும் தெரிந்தன.

மணி அடித்தது. அக்கா மௌஸைத் தொட்டாள். அடுத்த நொடி, பழகிய கை பழகிய வேலையைச் செய்தது. வாலைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கிழிஞ்சது" என்றேன்.

அம்பு கன்னாபின்னாவென்று ஓடியது. கோப்பைத் திறக்கப் போனவள் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். அதை மூடப் போய்க் கடிகாரத்தைத் திறந்தாள். பதறிப் போய் மௌஸை நேராகத் திருப்பினாள்; இப்போது உள்ளங்கையால் குத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினாள். பக்கத்து இருக்கைக்காரர் கடிதத்தில் பாதி அடித்துவிட்டார். ஒன்பது வருடம் தூசி தின்றது இதற்குத்தானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "விரலு, விரலு" என்று கண்ணாடியைத் தட்டினேன். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

அக்கா இரண்டு கையையும் மௌஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினாள். கறுப்புப் பெட்டி திறந்தது. பட்டியல் வந்தது. அவள் தலையை லேசாகத் திருப்பி எதையோ முணுமுணுத்தாள். மேற்பார்வையாளர் வந்து "அமைதியா இருங்க" என்று சைகை காட்டினார். என் பக்கத்தில் மாமாவின் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு எத்தனை? ஆங், சரி, அடி. மைனஸ் ஒண்ணு, சைபர், சைபர்."

உள்ளே அவள் விரல்கள் ஓடின. ஒரு எண் தப்பவில்லை. தட்டினாள். மௌஸை வால் தன் பக்கமாக வைத்து, உள்ளங்கையால் குத்தினாள். கோப்பு திறந்தது. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கடிதம், சேமிப்பு, நகல், அச்சு. மணி அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போதே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தேர்வு அதிகாரி அவள் பின்னால் வந்து நின்று, மௌஸையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்.

"நடுவுல என்னம்மா பண்ணீங்க?"

"மௌஸ் ரிப்பேரா இருந்துச்சு சார். சரி பண்ணிட்டேன்."

அடுத்த சுற்றில் அதே கணினியில் உட்கார்ந்த ஆள், அம்பு எதிர்ப்பக்கம் ஓடுவதைப் பார்த்து அலறிவிட்டாராம். அதிகாரி வெளியே ஓடி வந்து யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். ஒரு தடவை நிறுத்திவிட்டுக் கிளப்புங்கள் என்று சொன்னேன்; சரியாகிவிட்டது. அவர் எனக்கு நன்றி சொன்னார். நான் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் நிரந்தர ஆணை வந்தது. அக்காவுக்கு ஆவண அறையிலேயே ஒரு கணினியும் மேசையும் கொடுத்தார்கள். தேர்வில் கணினியையே ரிப்பேர் செய்தவள் என்று பெயர் பரவி, அலுவலகத்தில் யாருக்கு மௌஸ் மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் போகிறாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஆறு மாதத்தில் அந்தத் தளத்தில் நாலு பேர் மௌஸை வால் வயிற்றுப் பக்கம் வைத்துப் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் ஒரு காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். இந்தக் கடிகாரத்தையாவது என் கையால் சரி செய்துவிட வேண்டும் என்று புது பேட்டரி வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அக்கா அலுவலகம் போயிருந்தாள். மாமா டியூட்டிக்குக் கிளம்பி, ஷூ வரைக்கும் போட்டுக்கொண்டு, ஃபோனை முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். ஒன்பதே காலுக்கு அது அடித்தது. முதல் மணியிலேயே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க."

"ம். இன்னைக்கு எத்தனை?"

"ஒன்பது."

"நேத்து பத்துன்னியே?"

"பக்கத்து மேசைக்காரி சார்ஜரைச் சொருகறேன்னு என் ஒயரைப் பிடுங்கிட்டா."

"அவளுக்குத்தானே கால் வலி? எப்படி இருக்காளாம்?"

"கட்டுப் பிரிச்சாச்சு. நீங்க மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். சரி, அடி. மைனஸ் ஒண்ணு, சைபர், சைபர். சைபர், மைனஸ் ஒண்ணு, சைபர். சைபர், சைபர், ஒண்ணு. தட்டு."

தட்டும் சத்தம் கேட்டது. "சரியாப் போயிடுச்சுங்க. வெக்கட்டா?" என்றாள். வைத்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அக்காவுக்கு அந்த வரி தண்ணிபட்ட பாடு. பரீட்சையில தனியா அடிச்சாளே, நீங்களும்தானே பார்த்தீங்க?"

"பார்த்தேன்."

"அப்புறம் எதுக்கு உங்களைக் கூப்பிடுறா?"

மாமா ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். "அன்னைக்கு ஜன்னல்கிட்ட நின்னப்ப எனக்கும் அதேதான் தோணுச்சு. பஸ்ல வரும்போது கேட்டேன், எப்போ மனப்பாடமாச்சுன்னு. முதல் மாசமே ஆயிடுச்சாம்."

"முதல் மாசமேவா? அப்போ நாலு வருஷமா தினமும் காலையில உங்களைக் கூப்பிட்டுக் கேட்டது?"

"நான் மட்டும் என்ன, அந்த ஃபைலை எழுதி வெச்சேனா?" என்றார். காது மடல் சிவந்து போயிருந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதருக்கு.

அந்தப் பன்னிரண்டு நாள் உள்ளறை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போன மனிதரை நினைத்தேன். கண்ணிருந்தும் குருடியாக இருந்திருக்கிறேன் என்று என் மேலேயே கோபம் வந்தது. எங்கே தப்பு என்று தோண்டிப் பிடுங்குகிற கெட்டிக்காரி நான். அவர் எழுந்து சாவியைத் தேடினார்.

"என்னம்மா, ஏதோ வேலையா வந்தியா?"

"ஒண்ணுமில்ல மாமா, சும்மாதான்."

பேட்டரி பைக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடை திறக்க நேரமாயிற்றா என்று சுவரைப் பார்த்தேன். இருபது கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.